பச்சை எண்ணெய், நீல எண்ணெய், குழாய்த் தண்ணீர்

குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர். அதற்குள் என் சைக்கிளின் பின் பிரேக் முழுசாக மூழ்கிக் கிடக்கிறது. லிவர், நீளமான கருப்புக் குழாய், இரண்டு குட்டி சிலிண்டர்கள், எல்லாமே. முழங்கை வரை கையை விட்டு லிவரை அமுக்கி அமுக்கி விடுகிறேன். ஒவ்வொரு அமுக்கலுக்கும் குண்டூசித் தலை அளவில் ஒரு குமிழி மேலே வருகிறது. குமிழி வருவது நின்றதும் தண்ணீருக்குள்ளேயே திருகை மூடிவிட வேண்டும். வெளியே எடுத்து மூடினால் காற்று புகுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

அறைத்தோழன் கதவைத் தட்டினான். "இன்னும் எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம். பிரேக்குக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. என் ஜெர்மனில் ஏதோ வேற்றுமை உருபு பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான். "பிரேக்கைக் கழுவுகிறாயா?" என்று திருத்திக் கேட்டான். இல்லை, உள்ளேதான் ஊற்றுகிறேன் என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

ஜெர்மனியில் டியூபிங்கனுக்குப் படிக்க வந்த இரண்டாவது வருஷம் நடந்தது இது. பழைய சாமான் சந்தை ஒன்றில் 120 யூரோவுக்கு ஒரு டிரெக்கிங் சைக்கிள் வாங்கியிருந்தேன். தொண்ணூறுகளில் செய்தது. சட்டத்தில் பெயின்ட் பாதி போயிருந்தது, சீட் கிழிந்திருந்தது. ஆனால் பிரேக் மட்டும் எலுமிச்சை மஞ்சளில் பளபளத்தது. கம்பியே இல்லாத பிரேக். லிவரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் போன்ற ஒன்று இறங்கி, ரிம்முக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த சிலிண்டர்களுக்குள் நுழைந்தது. ஊரில் தாத்தாவின் சைக்கிளில் இரும்புக் கம்பி பிரேக், என் சைக்கிளில் கேபிள் பிரேக். ஹைட்ராலிக் என்றால் காருக்கு, பைக்குக்கு, ஜேசிபிக்கு என்றுதான் என் மண்டையில் பதிந்திருந்தது. சைக்கிளில், அதுவும் டிஸ்க் இல்லாமல் ரிம்மைப் பிடிக்கிற ஹைட்ராலிக் பிரேக்கை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். விற்ற தாத்தா லிவரை ஒரு விரலால் அமுக்கிக் காட்டி, "ஊராக்கில் செய்தது" என்றார், தன் பேத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

பாட் ஊராக் எங்கள் ஊரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம்தான். ராய்ட்லிங்கன், மெட்சிங்கன் தாண்டினால் வரும். ஸ்வேபிய மலைத்தொடரின் அடிவாரத்துச் சிற்றூர். 1893இல் குஸ்டாவ் மாகன்விர்ட் என்பவர் அங்கே தொடங்கிய பட்டறைதான் மகுரா. மாகன்விர்ட்டின் 'மா', குஸ்டாவின் 'கு', ஊராக்கின் 'ரா'. மோட்டார் சைக்கிள் லிவர்களுக்குப் பேர்போன அந்தக் கம்பெனி 1987இல் சைக்கிளுக்கான ஹைட்ராலிக் ரிம் பிரேக்கைக் கொண்டுவந்தது. அதன் வம்சத்தில் வந்ததுதான் என்னிடம் இருந்த ஹெச்எஸ் 33. ஜெர்மனியின் டிரெக்கிங் சைக்கிள்களில், கனமான மூட்டை ஏற்றிப்போகும் டூரிங் சைக்கிள்களில், இரட்டை சீட் டேண்டம்களில் இந்த பிரேக்கை இன்றும் பார்க்கலாம்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. லிவருக்குள் ஒரு பிஸ்டன். ரிம்முக்கு அருகே இரண்டு பிஸ்டன். நடுவே சுமார் இரண்டு மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய், அது நிறைய திரவம். லிவரை அமுக்கினால் இங்கே தள்ளிய திரவம் அங்கே பிஸ்டன்களைத் தள்ளும், பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கும். கார் பிரேக்கில் இருப்பதுபோல மேலே ஒரு சேமிப்புக் கிண்ணம் கிடையாது. முழுக்க மூடிய அமைப்பு. கட்டை தேயத் தேய லிவரில் உள்ள ஒரு சின்ன திருகைத் திருகி நாமே கட்டையை ரிம் பக்கம் நகர்த்திக்கொள்ள வேண்டும். வெயிலில் ரொம்ப நேரம் நிறுத்தினால் உள்ளே திரவம் விரிந்து கட்டை ஒரு மயிரிழை முன்னே வந்து நிற்கும். அவ்வளவுதான் இதன் நெளிவுசுளிவெல்லாம்.

வாங்கி மூன்று மாதத்தில் பின் பிரேக் லிவர் தொளதொளத்தது. உள்ளே காற்று. சரி, பிரேக் ஆயில் மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

இங்கேதான் தமிழ் என் காலை வாரிவிட்டது. நம் ஊரில் எல்லாமே பிரேக் ஆயில்தான். கடையில் போய் "பிரேக் ஆயில் குடுங்க" என்றால் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதிய ஒரு டப்பாவை எடுத்துத் தருவார்கள். அதில் ஆயில் ஒரு துளிகூட இல்லை என்பது எனக்கு இருபத்தைந்து வயது வரை தெரியாது. அது கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த ரசாயனம். தண்ணீரோடு கலக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், எண்ணெய்க்கு எந்த விதத்திலும் சொந்தமில்லை. ஜெர்மானியர்கள் கெட்டிக்காரர்கள், 'பிரேக் திரவம்' என்றுதான் சொல்கிறார்கள். நான் பெட்ரோல் பங்க்குக்குப் போனேன், டாட் 4 பாட்டில் ஒன்று வாங்கினேன், மருந்துக்கடை சிரிஞ்சால் பிரேக்குக்குள் ஏற்றினேன்.

முதல் நாள் லிவர் கல்லுப்போல இறுக்கமாக இருந்தது. நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். நான்காம் நாள் விரலை எடுத்த பிறகு லிவர் சோம்பேறித்தனமாகத் திரும்பி வந்தது. இரண்டு வாரத்தில் திரும்பவே இல்லை. கட்டை ரிம்மைக் கவ்வியபடி நின்றுவிட்டது. சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முன் சக்கரத்தில் மட்டும் உருட்டியபடி நெக்கர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வீடு வந்தேன். போதாக்குறைக்கு, ஊற்றும்போது சட்டத்தில் சிந்திய ஒரு சொட்டு அந்த இடத்துப் பெயின்ட்டைக் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பியிருந்தது.

ராய்ட்லிங்கனில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை இருக்கிறார். எண்பதுகளில் வந்தவர், கார் பட்டறைகளில் வேலை பார்த்தே ஆயுசைக் கழித்தவர். கோயில் திருவிழா ஒன்றில் பழக்கம். பிரேக்கைக் கழற்றி ஒரு பையில் போட்டு அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் பிஸ்டனை வெளியே உருவி, அதன் ரப்பர் வளையத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தார். இரவெல்லாம் ஊறிய உளுந்துபோல உப்பி, மெத்தென்று இருந்தது.

"என்னத்தை விட்டனீர் உதுக்குள்ளை?"

"பெட்ரோல் பங்க்ல பிரேக் ஆயில் வாங்கி ஊத்தினேண்ணே."

"அது ஆயில் இல்லைத் தம்பி. அது வேறை சாமான். எண்ணெய்க்கெண்டு செய்த றப்பருக்கு அதை விட்டா, றப்பர் குடிச்சுக் குடிச்சு ஊதும். அதுக்கெண்டு செய்த றப்பருக்கு எண்ணெயை விட்டாலும் அதே கதைதான்." வளையத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார், "முதல்லை றப்பரைக் கேக்க வேணும், பிறகுதான் போத்தலைத் திறக்க வேணும்."

இதற்குள் இருக்கும் ரசாயனத்தைப் பிற்பாடு படித்துப் புரிந்துகொண்டேன். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் எண்ணெய் போகும் பிரேக்குகளில் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர் இருக்கும். டாட் போகும் பிரேக்குகளில் ஈபிடிஎம் என்ற ரப்பர். ஈபிடிஎம்மும் பெட்ரோலிய எண்ணெயும் ஒரே குலம், இரண்டுமே வெறும் ஹைட்ரோகார்பன் சங்கிலிகள். அதனால் அந்த எண்ணெயைக் கண்டால் ஈபிடிஎம் உறிஞ்சிக்கொண்டு உப்பும். நைட்ரைல் ரப்பரிலோ நைட்ரஜன் சேர்ந்த மின்முனைகள், அதாவது மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்ந்த இடங்கள், உண்டு. அவை எண்ணெயை அண்டவிடாது. அதே மின்முனை காரணமாக, அதேபோல மின்முனை உள்ள கிளைக்கால் ஈதரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இனம் இனத்தோடு என்பார்களே, அது ரப்பர் விஷயத்தில் ஆபத்து. இனம் ஒன்றாக இருக்கவே கூடாது.

சைக்கிள் பாகம் செய்யும் கம்பெனிகளில் ஷிமானோவின் சிவப்பு எண்ணெயும் மகுராவின் நீல எண்ணெயும் மினரல் வகை. மகுரா தன் நீல எண்ணெய்க்கு 'ராயல் பிளட்' என்று பெயர் வைத்திருக்கிறது, ராஜ ரத்தம். ஸ்ராம் நெடுங்காலமாக டாட் பக்கம் நின்றுவிட்டு, அண்மையில் சில மாடல்களை மட்டும் மினரல் எண்ணெய்க்கு மாற்றியிருக்கிறது. ஒன்றில் ஊற்ற வேண்டியதை மற்றதில் ஊற்றக் கூடாது என்று எல்லாக் கையேட்டிலும் எழுதியிருக்கிறது. நான்தான் கையேட்டைப் படிக்கவில்லை. சந்தையில் வாங்கிய சைக்கிளுக்குக் கையேடு ஏது.

உப்பிய வளையத்தைக் காயவைத்தெல்லாம் பயன் இல்லை. இன்னொருவர் கழற்றிப் போட்டிருந்த பழைய ஹெச்எஸ் 33 ஒன்றை 25 யூரோவுக்கு வாங்கினேன். இந்தத் தடவை ஏதாவது ஊற்றுவதற்கு முன்னால் படித்துவிடுவது என்று உட்கார்ந்தபோதுதான் தண்ணீர் சமாசாரம் கண்ணில் பட்டது.

டிரயல்ஸ் என்று ஒரு சைக்கிள் விளையாட்டு இருக்கிறது. கால் தரையில் படாமல் பாறை மேலும் மதில் மேலும் தாவித் தாவிப் போவார்கள். ஒரு மதில் விளிம்பில் பின் சக்கரத்தில் மட்டும் நிற்கும்போது அந்தச் சக்கரம் ஒரு விரற்கடை உருண்டாலும் ஆள் கீழே. அதனால் பிரேக் என்றால் அவர்களுக்கு உயிர். ரிம்மின் பக்கவாட்டைக் கிரைண்டரால் சொரசொரப்பாக உரசிவைப்பார்கள், சிலர் தார்கூடப் பூசுவார்கள். பிரேக் பிடித்தால் தகரத்தை ஆணியால் கீறியதுபோல அலறும். இவர்களில் பலர் ஹெச்எஸ் 33இல் எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். வாளிக்குள் முக்கி நிரப்பும் வித்தையும் அவர்களுடையதுதான்.

ஏன் தண்ணீர்? லிவர் சட்டென்று திரும்ப வேண்டும், அதற்காக. மெல்லிய குழாயில் ஒரு திரவம் ஓடுவதற்கு உள்ள தடை அதன் பிசுபிசுப்பைப் பொறுத்தது. குழாயின் விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும். இரண்டு மில்லிமீட்டர் துளையில் எந்தப் பிசுபிசுப்பும் பெரிதாகத் தெரியும். சாதாரண அறை வெப்பத்தில் மெல்லிய ஹைட்ராலிக் எண்ணெய்கூடத் தண்ணீரைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிசுபிசுப்பானது. தண்ணீர் போட்டால் விரலை எடுத்த மறுகணம் கட்டை ரிம்மை விட்டு விலகிவிடும். பிடிக்கும் பலம் அதனால் கூடாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அழுத்தத்தைக் கடத்துவதில் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் பேதம் கிடையாது, பாஸ்கல் விதி எல்லோருக்கும் பொது. அமுங்காத தன்மையில் தண்ணீர் எண்ணெயைவிடச் சற்று ஒசத்தி, ஆனால் விரல் அதை உணராது. விரல் உணர்வது வேகத்தை.

அப்படியானால் டிஸ்க் பிரேக்கிலும் தண்ணீர் ஊற்றலாமே என்று தோன்றும். அதற்கு முன்னால் வெப்பம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நானும் சைக்கிளும் பையும் சேர்ந்து 95 கிலோ. ஊராக்கைச் சுற்றியுள்ள மலை விளிம்பிலிருந்து ஊருக்குள் இறங்கினால் 250 மீட்டர் இறக்கம். கணக்குப் போட்டால் சுமார் 230 கிலோஜூல் வருகிறது, ஒரு கெட்டிலில் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. இதில் ஒரு பங்கைக் காற்று தின்றுவிடும். மீதியை பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக்கில் அதை வாங்குவது நூறு கிராம் சொச்சம் எடையுள்ள ஓர் எஃகுத் தட்டு. அதைக் கவ்வி நிற்கும் சிலிண்டருக்குள் திரவம் அருகிலேயே இருக்கிறது. தொடர் இறக்கத்தில் உள்ளே நூறு டிகிரி எட்டுவது பெரிய விஷயம் இல்லை. தண்ணீர் ஆவியானால் லிவர் கைப்பிடி வரை வந்து ஒட்டும், பிரேக் இருக்காது. டாட் 4க்கு ஈரம் சேராத நிலையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

ரிம் பிரேக்கில் கதையே வேறு. ரிம் என்பது அரைக் கிலோ அலுமினியம், இரண்டடிக்கு மேல் விட்டமுள்ள வளையம், காற்றில் சுழன்றபடியே ஆறிக்கொண்டிருக்கும். அதைத் தொடுவது தடித்த ரப்பர் கட்டை. ரப்பர் சூட்டைக் கடத்தாது. கட்டைக்குப் பின்னால்தான் பிஸ்டன், அதற்கும் பின்னால்தான் திரவம். நீண்ட இறக்கத்தில் ரிம் சுட்டால் முதலில் கவலைப்பட வேண்டியது டயருக்குள் இருக்கும் ட்யூப்பைப் பற்றி. பிரேக் திரவத்துக்கு அந்தச் சேதி கிட்டத்தட்ட போய்ச் சேருவதே இல்லை. நானே ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வந்து ரிம்மைத் தொட்டேன், விரலைச் சுண்டி இழுத்துக்கொண்டேன். சிலிண்டரைத் தொட்டேன், வெதுவெதுப்புகூட இல்லை. கொதிநிலை என்ற பெரிய நிபந்தனை விலகிவிட்டதால்தான் ரிம் பிரேக்கில் மட்டும் இத்தனை திரவங்களை வைத்து விளையாட முடிகிறது. இதற்காக யாரும் டிஸ்க் பிரேக்கைத் திறந்துவிட வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

விளையாட்டு என்று சொன்னாலும் தண்ணீர்தான் இந்தத் தொழிலில் மூத்தது. ஹைட்ராலிக் என்ற சொல்லிலேயே கிரேக்கத் தண்ணீர் இருக்கிறது. 1795இல் ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கிய அழுத்துப்பொறி தண்ணீரில் ஓடியது. லண்டனில் 1880களிலிருந்து 1977 வரை ஒரு கம்பெனி, தெருவுக்கடியில் குழாய் போட்டு, உயர் அழுத்தத் தண்ணீரை மின்சாரம் விற்பதுபோல விற்றுக்கொண்டிருந்தது. லிஃப்டும் கிரேனும் அதில்தான் ஓடின. 1894இல் திறந்த டவர் பிரிட்ஜ் தண்ணீர் அழுத்தத்தில் தூக்கி இறங்கியது, எண்ணெய்க்கு மாறியது 1970களில். எங்கள் டியூபிங்கனிலேயே பிரேக் ஃபோர்ஸ் ஒன் என்ற சிறு கம்பெனி பத்து வருஷம் முன்னால் தண்ணீரை ஆதாரமாக வைத்து ஒரு சைக்கிள் டிஸ்க் பிரேக்கையே செய்து காட்டியது. ஆக நான் குளியலறையில் செய்துகொண்டிருந்தது கிறுக்குத்தனம் இல்லை, பழைய வழக்கம். இதை அறைத்தோழனிடம் விளக்கினேன். வழக்கமெல்லாம் சரி, தரையைத் துடைத்துவிட்டுப் போ என்றான்.

அந்தக் கோடை முழுக்கத் தண்ணீர் பிரேக்கில்தான் ஓட்டினேன். லிவர் பூப்போல இருந்தது. நண்பர்களை எல்லாம் அமுக்கிப் பார்க்கச் சொல்லித் தொல்லை கொடுத்தேன். செலவு பூஜ்யம். கசிந்தால் துடைக்க வேண்டியதுகூட இல்லை, காய்ந்துவிடும். செப்டம்பரில் ஒரு சந்தேகத்தில் திறந்து பார்த்தபோது சிலிண்டர் வாயில் வெள்ளையாக மாவு போல ஏதோ படிந்திருந்தது. அலுமினியம் தண்ணீரில் அரித்த தடம். எங்கள் வீட்டுக் குழாயில் சுண்ணாம்பும் அதிகம், கெட்டிலைப் பார்த்தாலே தெரியும். அதை வழித்துப் போட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கி மறுபடி நிரப்பினேன். அதோடு எண்ணெய்க்கு இருக்கும் இன்னொரு வேலையும் ஞாபகத்துக்கு வந்தது. பிஸ்டனும் வளையமும் உரசாமல் வழுக்க வேண்டும், தண்ணீர் அதைச் செய்யாது. வெறும் தண்ணீரில் ஓடும் வளையம் சீக்கிரம் தேயும்.

மற்றபடி குளிர்காலம் என்று ஒன்று வரும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் உறையும் என்பது பாடப்புத்தகத்து விஷயம்.

ஜனவரியில் ஒரு நாள் காலை ஏழரை மணி. மைனஸ் எட்டு. வெளியே நிறுத்தியிருந்த சைக்கிளை எடுத்து ஏறி உட்கார்ந்து நாலு மிதி மிதித்தேன். எங்கள் தெரு முனையில் ஓர் இறக்கம், அது முடியும் இடத்தில் பேருந்துத் தடம். வழக்கம்போல இறக்கத்துக்கு முன்னாலேயே பின் பிரேக்கைத் தொட்டேன். லிவர் அசையவில்லை. இரண்டு விரல், அப்புறம் நாலு விரல். சுவரில் பதித்த கம்பியைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. அந்தக் கணத்தில் எனக்குப் பயம் வரவில்லை, நல்ல இறுக்கமாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. லிவர் இறுகுவது நல்ல பிரேக்கின் லட்சணம் என்று மூளை பழகியிருந்தது. சைக்கிள் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. முன் பிரேக்கில் நீல எண்ணெய் இருந்ததால் நின்றேன். அதை மட்டும் ஏன் மாற்றாமல் விட்டேன் என்றால், முன்யோசனை எல்லாம் இல்லை, சோம்பல்.

தண்ணீர் உறைந்தால் சுமார் ஒன்பது சதவீதம் பருக்கும். மூடிய அமைப்பில் அது போக இடம் தேடும். என் பிரேக்கில் பிஸ்டன்களை வெளியே தள்ளியிருந்தது. ஒரு பக்கக் கட்டை ரிம்மை உரசியபடி உறைந்து நின்றது. சிலிண்டர் விரிசல் விடாதது என் அதிர்ஷ்டம். சமையலறை ரேடியேட்டர் பக்கத்தில் அரைமணி நேரம் வைத்ததும் ஒன்றுமே நடக்காததுபோல லிவர் மறுபடி பூப்போல ஆனது.

குளிர்நாட்டு டிரயல்ஸ்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டைத் தண்ணீரோடு கலந்துவிடுவது. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 வரைக்கும் உறையாது, அதில் அரிப்புத் தடுப்பும் சேர்ந்தே இருக்கும். கிளைக்கால் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு உப்பிய வளையம் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. ஆனால் இது அந்த கிளைக்கால் ஈதர் இல்லை. பெயர் ஒத்துப்போனாலும் நைட்ரைல் ரப்பர் இதைச் சட்டை செய்யாது. தொழிற்சாலை ஹைட்ராலிக்குகளில் தண்ணீர் கிளைக்கால் கலவையை நைட்ரைல் வளையங்களோடுதான் ஓட்டுகிறார்கள். எனக்கு ஒரே தடங்கல், அந்தக் கலவை விஷம், சுவையோ இனிப்பு. வீட்டில் ஒரு பூனை இருந்தது. அதைக் குளியலறை வாளிக்குக் கொண்டுவர எனக்கு மனசில்லை.

ஊரில் இருக்கும் நண்பனிடம் போனில் புலம்பியபோது, "தேங்கா எண்ணெய ஊத்திப் பாரு மச்சி" என்றான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறைந்துவிடும். இங்கே கோடையிலேயே பாட்டிலுக்குள் வெண்ணெய்போல உட்கார்ந்திருக்கிறது, கரண்டியால் சுரண்டித் தலைக்குத் தேய்க்கிறேன். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் நாளாவட்டத்தில் காற்றுப் பட்டுப் பிசினாகும், எண்ணெய்க் கிண்ணத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் தெரியும். ஆனால் விளக்கெண்ணெயைச் சிரித்து ஒதுக்க முடியாது. மால்கம் லாக்ஹீட் 1917இல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார், 1921இல் டியூசன்பர்க் கார் நாலு சக்கரத்துக்கும் அதோடு வந்தது. அதற்குப் பின் நெடுங்காலம் பிரேக் திரவம் பெரும்பாலும் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. காரணம் மறுபடியும் ரப்பர்தான். அன்று இருந்தது இயற்கை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது வீங்கிக் குழைந்துவிடும், விளக்கெண்ணெயைத் தாங்கும். குழந்தைக்கு வயிறு கழியக் கொடுக்கும் சாமான் காரை நிறுத்தியிருக்கிறது. ஆல்கஹால் கலந்தது, அது தனியாக ரொம்பக் கெட்டி என்பதால்.

மினரல் எண்ணெய் வகையில் சுற்றினால் வழி நிறைய இருக்கிறது. பேபி ஆயில் என்பது வாசனை சேர்த்த திரவப் பாரஃபின், அதுவும் மினரல் எண்ணெய்தான். அதை ஊற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கசியும்போது தொட்டில் வாசனை வரும். தையல் மெஷின் எண்ணெய், சைக்கிளின் முன் ஃபோர்க்கில் ஊற்றும் மெல்லிய சஸ்பென்ஷன் எண்ணெய் என்றும் போகிறவர்கள் உண்டு. பேபி ஆயிலும் தையல் எண்ணெயும் நைட்ரைல் ரப்பரை உப்பவைக்காது. மைனஸ் எட்டில் எவ்வளவு கெட்டியாகும் என்பதில்தான் வித்தியாசம். பிரேக்குக்காகவே செய்யாத எண்ணெய்க்கு யாரும் அந்தக் குளிர்க் கணக்கைப் போட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

அண்ணையிடம் மறுபடி போனேன். உறைந்த கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஒரு திரவம். எல்ஹெச்எம். சிட்ரோன் கார்களின் ஹைட்ராலிக் எண்ணெய்.

"முந்தி நான் நிண்ட கராஜிலை சிட்ரோன் வரும். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் இந்த ஒரே எண்ணெயிலை. இன்னும் பழைய மொடலுக்குச் சிவப்பு. பச்சைக்கு இருக்கிறதுக்குள்ளை சிவப்பை விட்டிட்டா, காசுக்காரனெண்டாலும் அழுதிடுவான்."

1955இல் வந்த சிட்ரோன் டிஎஸ் முதலில் விளக்கெண்ணெய் வகையிலும் பின்பு ஈரம் உறிஞ்சும் செயற்கைத் திரவத்திலும் ஓடி, உள்ளே துரு ஏறி அவதிப்பட்டது. 1960களின் நடுவில் பச்சை மினரல் எண்ணெய்க்கு மாற்றினார்கள், வளையங்களையும் சேர்த்து. மாறிப்போகக் கூடாது என்பதற்காகப் பாகங்களுக்கே பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். நான் இரண்டு வாரத்தில் பட்ட பாட்டை ஒரு கார் கம்பெனி பத்து வருஷம் பட்டிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல். கடும் குளிரிலும் கார் எழுந்து நிற்க வேண்டும் என்பதால் இந்த எண்ணெய் மெல்லியதாகவே இருக்கும்படி செய்திருக்கிறார்கள். நைட்ரைலுக்கு ஒத்துவரும். ஹெச்எஸ் 33க்கு இதை ஊற்றி ஓட்டுகிறவர்கள் ஐரோப்பாவில் நிறையப் பேர். அண்ணைக்கு அது தெரியாது, ரப்பரைத் தெரியும்.

தண்ணீரை வடித்தோம். வளையங்களைத் துடைத்துக் காயவைத்தோம். லிவரில் உள்ள திருகை முழுசாகப் பின்னால் திருப்பினோம், இல்லாவிட்டால் உள்ளே அளவு குறையும். சிலிண்டர் பக்கத்திலிருந்து சிரிஞ்சால் பச்சையை மெதுவாக ஏற்றினோம். கீழிருந்து மேலே ஏற்றினால் காற்று தானாக மேலே போய் லிவர் வாய் வழியாக வெளியேறும், வாளி தேவையில்லை. லிவர் வாயில் முதலில் நுரை வந்தது, பிறகு பச்சையும் நுரையும், பிறகு பச்சை மட்டும். அண்ணை லிவரை அமுக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். தண்ணீரின் அந்தப் பூப்போன்ற வேகம் இல்லை. ஆனால் நீலத்துக்கும் இதற்கும் கண்ணைக் கட்டிவிட்டால் என்னால் வித்தியாசம் சொல்ல முடியாது.

அது நடந்து நாலு குளிர்காலம் ஆகிறது. பின் பிரேக்கில் பச்சை இன்னும் ஓடுகிறது. முன் பிரேக்கில் கம்பெனி நீலம்தான், அதில் கை வைப்பதாக இல்லை. லிவர் குழாயில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று ஜெர்மனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறேன். நாளைக்கு நான் இதை விற்றால், வாங்குகிறவரும் பெட்ரோல் பங்க்குக்குத்தானே முதலில் போவார்.

டப்பா ஒரு லிட்டர். சைக்கிள் கடையில் நூறு மில்லி நீலத்துக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட. ஒரு தடவை மாற்ற 20 மில்லி போதும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் நூற்று ஐம்பது வருஷத்துக்கு வரும். இந்தக் கணக்கை அறைத்தோழனிடம் சொன்னேன். அசல் ஸ்வேபியன் அவன், காசு விஷயத்தில் இம்மி பிசகாதவன். பிரேக்குக்குத் தண்ணீர் ஊற்றியபோது பெருமூச்சு விட்டவன், டப்பாவைக் கையில் வாங்கி மூடியை இறுக்கினான். நிலவறை அலமாரியில் தன் ஜாம் பாட்டில்களை நகர்த்திவிட்டு அதற்கு இடம் போட்டான்.